அதிபரை மட்டும் பார்க்காதீர்கள்: அமெரிக்காவில் ஓட்டுரிமை பெற்ற தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இன்னும் பல மாநிலங்களிலும் குடியுரிமை பெற்று வாழும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நானும் உங்களைப் போல் குடியுரிமை பெற்ற ஒரு வாக்காளர்தான். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அதிபர் தேர்தல் வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்கள் எப்படிச் சூடாகின்றன என்று உங்களுக்குத் தெரியும். 2024ல் கமலா ஹாரிஸ் போட்டியிட்டபோது அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகச் சிறப்புப் பூஜை நடந்தது. அந்தப் படங்கள் நம் எல்லோர் போனுக்கும் வந்தன. அதே தேர்தலில், அதே வாக்குச்சீட்டில், உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் அவைக்கு நின்றவர்களின் பெயர்களும் இருந்தன. அவர்களில் யாருக்குப் போட்டீர்கள், எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்?

இந்தப் பழக்கத்தைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். அதிபரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது காங்கிரஸ், அதாவது பிரதிநிதிகள் அவையும் செனட்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம். அந்தக் காங்கிரஸைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நாம் கவனமில்லாமல் இருக்கிறோம்.

நமக்கு நெருக்கமான விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் வீடுகளில் கிரீன் கார்டு வரிசையைப் பற்றிப் பேசாத நாள் உண்டா? மாதாமாதம் யாருடைய முறை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லும் விசா புல்லட்டின் வந்ததும் தேதி நகர்ந்ததா, பின்னால் போய்விட்டதா என்று பார்க்கிறவர்கள் நம் தம்பி தங்கைகள்தான். புது அதிபர் வரும்போதெல்லாம் “இவர் வந்தால் சரியாகிவிடும்” என்று ஒரு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு, அதுவும் மனைவி, கணவன், பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு 1990ல் காங்கிரஸ் போட்ட சட்டம். அந்த 7ஐ 8 ஆக்கக்கூட எந்த அதிபராலும் முடியாது. உத்தரவு எழுதி முடிகிற காரியம் இல்லை அது.

மாற்ற வேண்டியவர்கள் மாற்றப் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் அந்த நாட்டு வரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் அவையில் 365க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. 2020 டிசம்பரில் செனட் அதை மாற்றி எழுதி, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. இரண்டு அவைகளின் வாசகங்களையும் ஒன்றாக்க வேண்டியதுதான் பாக்கி. அதைச் செய்யாமலே அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியானது. அந்தச் சில வாரங்களில் நாம் அதிபர் தேர்தல் முடிவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம். எத்தனை பேர் தங்கள் செனட்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்தோம்? இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதிபர் தன் அதிகாரத்தால் கொடுப்பதும் உண்டு. எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவர்களின் கணவன், மனைவிக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை செய்யும் அனுமதி 2015ல் கிடைத்தது. படித்துவிட்டு வீட்டில் முடங்கியிருந்த எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்கு அது மறுவாழ்வு. ஆனால் அது ஒபாமா ஆட்சியில் ஒரு துறை கொண்டுவந்த விதி, காங்கிரஸ் போட்ட சட்டம் இல்லை. அதனால்தான் அடுத்த ஆட்சி அதை நீக்கப்போவதாகச் சொன்னதும் வீட்டுக்கு வீடு பதற்றம் வந்தது. ஓர் அதிபர் விதியாகக் கொடுப்பதை இன்னோர் அதிபர் விதியாகவே எடுத்துவிடலாம்.

2025 செப்டம்பர் 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்த இரவு ஞாபகம் இருக்கும். ஊருக்குப் போனவர்கள் அடித்துப் பிடித்துத் திரும்ப டிக்கெட் தேடினார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. ஒரே ஒரு கையெழுத்தால் இவ்வளவு செய்ய முடியுமா என்று பலர் கேட்டார்கள். அந்தக் கையெழுத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1952ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு. எந்த வகை வெளிநாட்டவரின் வருகையும் நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால் நிறுத்திவைக்கலாம், நிபந்தனை போடலாம் என்று அது சொல்கிறது. அந்தச் சட்டம் வேண்டாம் என்று அன்றைய அதிபர் ட்ரூமன் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடு அந்த வீட்டோவைத் தாண்டி அதைச் சட்டமாக்கியது. அதிபரே வேண்டாம் என்ற ஒரு சட்டத்துக்குள் இருந்த பிரிவுதான் இன்று அதிபர்களுக்கு இவ்வளவு அதிகாரம் தருகிறது.

இந்த மாதிரி நிறைய இருக்கிறது. அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு அதிபருக்கென்றே தருவது கொஞ்சம்தான்: முப்படைகளின் தலைமை, மன்னிப்பு வழங்குவது, செனட்டின் சம்மதத்தோடு ஒப்பந்தங்களும் நியமனங்களும், சட்டங்களை ஒழுங்காக நிறைவேற்றும் பொறுப்பு. மன்னிப்புகூட மத்திய அரசுக் குற்றங்களுக்கு மட்டுமே செல்லும், மாநிலக் குற்றத்துக்குச் செல்லாது. வரி போடுவது, கடன் வாங்குவது, பணம் ஒதுக்குவது, போர் அறிவிப்பது, வெளிநாட்டு வர்த்தகத்தை ஒழுங்குபடுத்துவது எல்லாம் முதல் பிரிவில், காங்கிரஸின் கையில் இருக்கிறது. பிறகு எப்படி இன்று எல்லாமே வெள்ளை மாளிகையில் நடப்பதுபோலத் தோன்றுகிறது? பெரும்பாலும் காங்கிரஸே எடுத்துக் கொடுத்ததால்தான்.

போரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942ல். கொரியா, வியட்நாம், இராக், ஆப்கானிஸ்தான் எதற்கும் போர்ப் பிரகடனம் இல்லை. 1964 ஆகஸ்டில், வியட்நாம் பகுதியில் படையைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2 என்று நிறைவேறியது. வேண்டாம் என்ற இரண்டு செனட்டர்கள் வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குரூனிங்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிபர் ஜான்சன் பெரிதாக்கிய போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள், வியட்நாமியர்கள் அதைவிடப் பல மடங்கு. பட்ட பிறகு புத்தி வந்து, 1973ல் நிக்சனின் வீட்டோவையும் மீறி போர் அதிகாரத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். படையை இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்குச் சொல்ல வேண்டும், காங்கிரஸ் அனுமதி இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், திரும்பி வர மேலும் 30 நாள். 2011ல் லிபியாவில் அந்த 60 நாள் தாண்டியபோது, அங்கே நடப்பது சட்டம் சொல்லும் அளவுக்கான மோதலே இல்லை என்று ஒபாமா ஆட்சி வாதிட்டது. நான் மதிக்கும் ஒரு தலைவர் அவர். அந்த வாதத்தை அன்றும் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

2001 செப்டம்பர் 14, இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்றே நாள். தாக்கியவர்கள் மீது படையைப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 420க்கு 1, செனட்டில் 98க்கு 0. அந்த ஒரே ஓட்டு கலிஃபோர்னியாவின் பார்பரா லீ போட்டது. எல்லையும் முடிவுத் தேதியும் இல்லாத அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது என்றார். கொலை மிரட்டல்கள் வந்தன. அந்தத் தீர்மானத்தை வைத்துக்கொண்டு புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் என்று வரிசையாக வந்த அதிபர்கள் ஆப்கானிஸ்தானுக்கு வெகு தொலைவில், 2001ல் இல்லாத குழுக்கள்மீதுகூடத் தாக்குதல் நடத்தினார்கள். பார்பரா லீ சொன்னது சரி என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது.

இனி, எனக்கு மிகவும் கவலை தருவதைச் சொல்கிறேன். கொஞ்சம் சட்டச் சிக்கல் உள்ளது, பொறுமையாகப் படியுங்கள்.

1976ல் தேசிய நெருக்கடிச் சட்டம் வந்தது. அதிபர் நெருக்கடி நிலை அறிவிக்கலாம், அப்போது பற்பல சட்டங்களில் தூங்கிக்கொண்டிருக்கும் சிறப்பு அதிகாரங்கள் அவருக்குக் கிடைக்கும். பதிலுக்குக் காங்கிரஸ் ஒரு பிடி வைத்துக்கொண்டது. இரண்டு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் வேண்டாம் என்றால் நெருக்கடி முடிந்துவிடும், அதிபரின் கையெழுத்து தேவையில்லை. நியாயமான ஏற்பாடு. அப்புறம் 1983ல் வேறொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. கென்யாவில் பிறந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஜகதீஷ் ராய் சத்தா மாணவர் விசாவில் வந்து, விசாக் காலம் முடிந்தும் இங்கே தங்கியவர். அவர் இங்கே இருக்கலாம் என்று குடியேற்ற நீதிபதி சொன்னதைப் பிரதிநிதிகள் அவை தனியாக ஒரு தீர்மானம் போட்டு ரத்து செய்தது. அப்படி ரத்து செய்ய அவைக்கு உரிமை இல்லை, சட்டம் என்றால் இரண்டு அவையும் நிறைவேற்றி அதிபரிடம் அனுப்பியாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சத்தாவுக்குக் கிடைத்தது நியாயம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பால், நெருக்கடிச் சட்டத்தில் காங்கிரஸ் வைத்திருந்த பிடியும் செல்லாமல் போனது.

இப்போது நிலைமை என்ன? நெருக்கடியை முடிக்கும் தீர்மானம் அதிபரின் மேசைக்குப் போக வேண்டும். அவர் வீட்டோ செய்தால் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. அதிகாரத்தைக் கொடுக்கப் பாதிப்பேர் போதும், திரும்ப வாங்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019ல் எல்லைச் சுவருக்குக் காங்கிரஸ் 137.5 கோடி டாலர்தான் ஒதுக்கியது, கேட்டது 570 கோடி. கிடைக்காத பணத்துக்காக அதிபர் டிரம்ப் நெருக்கடி அறிவித்தார். பிரதிநிதிகள் அவை எதிர்த்தது. செனட்டிலும் அவருடைய சொந்தக் கட்சியினர் 12 பேர் எதிரணியோடு சேர்ந்ததால் 59க்கு 41 என்று தோற்றார். மறுநாளே வீட்டோ. அதை முறியடிக்க நடந்த ஓட்டில் 248 பேர் ஆதரவு, 181 பேர் எதிர்ப்பு, போதவில்லை. நாட்டின் கஜானாச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்த அவைகளில் பெரும்பான்மை இருந்தும் தடுக்க முடியவில்லை. ஈரான் பிணைக்கைதிகள் விவகாரத்தில் 1979ல் கார்ட்டர் அறிவித்த நெருக்கடி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு இன்னும் நீடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2025ல் வந்த இறக்குமதி வரிகளும் இதே வழியில் வந்தவைதான். 1977ஆம் வருஷத்து நெருக்கடிகாலப் பொருளாதாரச் சட்டத்தைக் காட்டி உலகத்தின் மீதே வரி போடப்பட்டது. அந்தச் சட்டத்தில் இறக்குமதி வரி என்ற வார்த்தையே கிடையாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் விதிக்கப்பட்டது. திருப்பூரில் அமெரிக்காவுக்கென்று தைத்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனிகளின் ஆர்டர்கள் என்ன ஆயின என்று உங்களில் பலருக்குச் சொந்தக்காரர்கள் மூலம் தெரியும். இதை எதிர்த்து நீதிமன்றம் போனது யார்? நியூயார்க்கில் மது இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனமும், பொம்மை விற்கும் கம்பெனியும், சில மாநில அரசுகளும். 2025 மே மாதம் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அந்த வரிகள் செல்லாது என்றது. வரி போடும் அதிகாரம் யாருடையதோ அந்தக் காங்கிரஸ் என்ன செய்தது? அந்த மார்ச் மாதமே, கனடா, மெக்சிகோ வரிகளுக்கு அடிப்படையான நெருக்கடியை எதிர்க்கும் தீர்மானம் குறிப்பிட்ட நாள்களுக்குள் ஓட்டுக்கு வரவேண்டும் என்ற கெடுவைத் தவிர்க்க, அந்தக் கூட்டத்தொடரில் மீதமுள்ள ஒரு நாளையும் நாளாகவே கணக்கிடக் கூடாது என்று பிரதிநிதிகள் அவை தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டது. நீங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அதற்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று தேடிப் பாருங்கள். எல்லா ஓட்டும் பதிவில் இருக்கிறது.

நீதிமன்றம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். பல சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறது, மறுக்கவில்லை. கொரியப் போர் நடக்கும்போது வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கைப்பற்றினார். 1952 ஜூன் 2ல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அதைத் தடுத்தது, அவரும் அன்றே திருப்பிக் கொடுத்தார். 1974ல் வாட்டர்கேட் விசாரணைக்காக நிக்சன் தன் அலுவலக உரையாடல்களின் ஒலிநாடாக்களைக் கொடுக்க வேண்டும் என்று 8க்கு 0 என்ற தீர்ப்பு வந்து, பதினாறே நாளில் அவர் பதவி விலகினார். 2023ல் பைடனின் கல்விக்கடன் தள்ளுபடியைச் செல்லாது என்றார்கள். எச்-1பியில் இருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கும் குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரி 20ல் வந்த உத்தரவை, ரீகன் நியமித்த ஒரு சியாட்டில் நீதிபதி மூன்றாம் நாளே நிறுத்திவைத்தார்.

ஆனால் இதே உச்ச நீதிமன்றம்தான் 1944ல், ஜப்பானிய வம்சாவளியினரை அவர்களுடைய வீட்டிலிருந்து வெளியேற்றிய ரூஸ்வெல்ட்டின் உத்தரவுக்கு ஆதரவாக நின்றது. ஏறக்குறைய 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். உத்தரவை மீறுவதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டுக் காங்கிரஸும் துணைபோனது. பதவியில் இருந்தபோது அதிகாரபூர்வமாகச் செய்த செயல்களுக்கு முன்னாள் அதிபர்மீது குற்றவழக்குத் தொடர முடியாதபடி பெரிய பாதுகாப்பு தந்ததும் இதே நீதிமன்றம்தான், 2024 ஜூலையில்.

எஃகு ஆலை வழக்கில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதிய கருத்தைத்தான் இன்றும் எல்லா நீதிமன்றங்களும் திருப்பித் திருப்பிப் படிக்கின்றன. காங்கிரஸ் கூட நின்றால் அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருக்கும், காங்கிரஸ் எதிர்த்துச் சட்டம் போட்டிருந்தால் மிகக் குறைந்துபோகும், காங்கிரஸ் வாயே திறக்காவிட்டால் இரண்டும் கெட்டான் நிலை என்பது அதன் சாரம். நீதிபதிகளும் கடைசியில் காங்கிரஸ் என்ன செய்தது என்றுதான் பார்க்கிறார்கள். அது வாய்மூடி இருந்தால் தீர்ப்பும் தடுமாறும்.

உறுப்பினர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? தங்கள் கட்சி அதிபரை எதிர்த்தால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த பிரைமரியில் சீட்டுக் கிழிந்துவிடும் என்ற பயம். இந்தப் பயம் இரண்டு கட்சியிலும் உண்டு. நம்மிலும் அதே நோய் இருக்கிறது. நமக்குப் பிடித்த அதிபர் காங்கிரஸைத் தாண்டிக் குதித்தால் “வேற வழி என்ன இருந்தது?” என்கிறோம், பிடிக்காதவர் செய்தால் சர்வாதிகாரம் என்கிறோம். ஒருவருக்காகத் திறந்துவிட்ட கதவு அடுத்தவருக்கும் திறந்தே கிடக்கும் என்பதை இதுவரை சொன்ன ஒவ்வொரு கதையிலும் பார்த்தீர்கள்.

இந்த நாட்டில் நாம் இருப்பதே காங்கிரஸின் சட்டங்களால்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மாற்றியது 1946ல் காங்கிரஸ் போட்ட சட்டம், ஆண்டுக்கு 100 பேர் என்ற சிறிய ஒதுக்கீட்டோடு. அந்தச் சட்டத்தால் குடியுரிமை பெற்ற தலீப் சிங் சௌந்த், சட்டம் வந்து பத்தே வருஷத்தில் பிரதிநிதிகள் அவைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965ஆம் ஆண்டுச் சட்டம் கதவை அகலமாகத் திறந்தது, நாம் வந்தோம்.

சரி, நான் கேட்பது என்ன? இரண்டு அதிபர் தேர்தல்களுக்கு நடுவில் காங்கிரஸுக்கு நடக்கும் இடைக்காலத் தேர்தலையும் அதிபர் தேர்தலைப் போலவே கருதுங்கள். 2020ல் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவர் வாக்களித்தார்கள். அதிபர் தேர்தல் இல்லாத 2014ல் மூவரில் ஒருவருக்குச் சற்றே அதிகம். பிரைமரியில் இன்னும் குறைவு. 2024 தேர்தலுக்குப் பிறகு பிரதிநிதிகள் அவையில் இரு கட்சிகளின் பலம் 220க்கு 215 என்று இருந்தது. ஒரு சில தொகுதிகள் மாறினால் அவையே மாறும், நாம் கணிசமாக வாழும் புறநகர்த் தொகுதிகள் பலவற்றில் போட்டி கடுமையாகத்தான் இருக்கிறது.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், தமிழ்ச் சங்க மேடைக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்ல வருகிறவரிடமும், இதைக் கேளுங்கள். அதிபர் அறிவிக்கும் நெருக்கடி 30 நாளில் தானாகக் காலாவதியாக வேண்டும், தொடர வேண்டுமானால் காங்கிரஸ் ஓட்டுப் போட வேண்டும் என்று குடியரசுக் கட்சி செனட்டர் மைக் லீ 2019ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. அப்படி ஒரு மசோதாவுக்கு நீங்கள் ஆதரவா? உங்கள் கட்சிக்காரர் அதிபராக இருந்தாலும் ஆதரவா? அந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2001 தீர்மானத்துக்கு முடிவுத் தேதி வைப்பீர்களா? நாட்டு வரம்பு மசோதாவை மறுபடி எடுத்தால் இரண்டு அவை வாசகங்களும் ஒன்றாகும்வரை கூட நிற்பீர்களா? பதிலை எழுதி வைத்துக்கொண்டு, அவர் ஓட்டுப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடைக்காலத் தேர்தல் ஆண்டுகளில் டெக்சாஸில் பிரைமரி மார்ச் மாதமே வந்துவிடும், நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் ஜூனில். உங்கள் மாநிலத்தில் எப்போது, வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள் எது என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். குடியுரிமை வாங்கியும் இன்னும் பதிவு செய்யாத சொந்தக்காரர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். அவரையும் உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்